மூச்சுக்கு முன்பணம்

என் அக்காள் மகன் ஒரு நாள் சாயங்காலம் வந்து, ஒரு கறுப்பு டப்பாவை என் எழுத்து மேஜையின்மேல் வைத்தான். மூடியில் சிவப்பாக ஒரு மின்னல் படம். உள்ளே தர்பூசணி வாசனை அடிக்கும் ஒரு தூள். தூளுக்குள் புதைந்து கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் கரண்டி.

"மாமா, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. அம்மா கேக்கா."

"ஏலே, நீ படிக்கலையா?"

"படிச்சேன். புரியல."

பையன் பி.எஸ்ஸி. பட்டதாரி. அவனுக்கே புரியாத பாஷையில் சீட்டு ஒட்டிய ஒரு சாமானைப் பத்து நாளாகத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு ஓடியிருக்கிறான். விலை இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். விசைத்தறிக் கொட்டகையில் தார் சுற்றும் அவன் தாயார் சீட்டுக் கட்ட வைத்திருந்த பணம் அது.

ஓட்டம் அவனுக்குப் பொழுதுபோக்கு அல்ல. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், எழுத்துப் பரீட்சையைத் தாண்டிய ஆண்பிள்ளை 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடிக் காட்ட வேண்டும். ஒரு விநாடி பிந்தினாலும் வீடுதான். விடியற்காலை ஐந்து மணிக்கு சங்கரன்கோவிலுக்கு வந்து பாருங்கள். ராஜபாளையம் சாலையிலும் திருநெல்வேலி சாலையிலும் இருட்டில் காலடிச் சத்தம் கேட்கும். பனியனும் கால்சட்டையுமாக எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உத்தியோகத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். பட்டணத்தில் இதற்குக் 'கார்டியோ' என்று பெயர். இங்கே இதற்குப் பெயர் பிழைப்பு.

என் மருமகன் 6 நிமிஷம் 50 விநாடியில் ஓடிக்கொண்டிருந்தான். நடுவில் இருப்பது பத்தே பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியின் பயத்தைத்தான், அவன் போய்வந்த உடற்பயிற்சி நிலையத்தில் ஒருவர் கண்டுகொண்டார். "ஓடறதுக்கு அரை மணி முன்னாடி ஒரு கரண்டி. அப்புறம் பாரு தம்பி" என்று சொல்லி டப்பாவைக் கொடுத்துவிட்டார்.

முதல் நாள் குடித்ததும் காதும் கன்னமும் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுத்ததாம். மருந்து வேலை செய்கிறது என்று பையனுக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கு 6 நிமிஷம் 38 விநாடி! பிறகு கேட்க வேண்டுமா? ஒரு கரண்டி இரண்டாயிற்று. சாயங்கால ஓட்டத்துக்கு இன்னொரு கரண்டி சேர்ந்தது. எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் ராத்திரியெல்லாம் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறான். பத்தாம் நாள் மைதானத்தில் மூன்றாவது சுற்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கால் மணி நேரமாகியும் நெஞ்சின் அடி அடங்கவில்லை. கூட ஓடிய பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "இப்போதைக்குப் பயமில்லை. ஆனால் என்ன குடித்தான் என்று விசாரியுங்கள்" என்று சொல்லி அனுப்பினாராம்.

இதுதான் டப்பா என் மேஜைக்கு வந்த கதை.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். காலேஜில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப் பிடிக்காதவன். உனக்கென்ன வைத்திய விவகாரம் என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் இந்தத் தூளை விற்றவருக்கும் வைத்தியப் பட்டம் கிடையாது, வாங்கியவனுக்கும் கிடையாது. பட்டமில்லாத இரண்டு பேர் விற்றும் வாங்கியும் கொள்ளலாம், பட்டமில்லாத மூன்றாமவன் கேள்வி கேட்கக் கூடாது என்பது என்ன நியாயம்? ஒரு மாத காலம் நான் இதைப் பற்றிப் படித்தேன். படித்ததில் நிச்சயமென்று பட்டதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

டப்பாவில் பிரதானமான சரக்கு கேஃபீன். நம் காப்பியில் இருக்கிறதே, அதேதான். ஒரு கரண்டிக்கு 250 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. நல்ல டிகாக்ஷன் விட்ட ஒரு டம்ளர் காப்பியில் சுமாராக 80 முதல் 100 இருக்கும். ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு ஒரே தடவையில் 200, ஒரு நாள் முழுவதற்கும் 400 என்பதுவரை கவலையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் கணக்குச் சொல்லியிருக்கிறது. என் மருமகன் காலையில் 500, மாலையில் 250, ஆக 750. காலையில் வீட்டுக் காப்பி வேறு. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, கேஃபீன் பானம் என்று புட்டியில் விற்பதில் லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. தூளாக விற்றால் கதை வேறு. கால் லிட்டர் தண்ணீரில் இரண்டு கரண்டி போட்டு, விதி சொல்லும் அளவுக்கு ஆறு ஏழு மடங்கு கெட்டியான பானத்தை வாங்குகிறவனே தன் கையால் தயாரித்துக்கொள்ளலாம்!

அடுத்த சரக்கு பீட்டா-அலனின். அந்த எறும்பு ஊர்கிற குறுகுறுப்பு இதன் கைங்கரியம். தோலுக்கு அடியில் உள்ள நரம்புகளை அது கொஞ்ச நேரம் சீண்டிவிடுகிறது, அவ்வளவுதான். உண்மையில் அது தசைக்குள் சேர்ந்து பலன் தர வேண்டுமானால் தினம் 4 முதல் 6 கிராம் வீதம் சுமார் நாலு வாரம் சாப்பிட வேண்டுமாம். அந்தப் பலனும் முக்கியமாக ஒன்று முதல் நாலு நிமிஷம்வரை நீடிக்கும் கடும் முயற்சிக்குத்தான். அரை மணி, முக்கால் மணி நிதானமாக ஓடுகிறவனுக்கோ நடக்கிறவனுக்கோ அதனால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் ஆவதில்லை. வியாபாரிக்கு மட்டும் அந்தக் குறுகுறுப்பு பெரிய உபகாரம். குடித்த கால் மணியில் உடம்பு ஊறினால், கொடுத்த காசு வீண்போகவில்லை என்று வாங்கியவன் நம்பிவிடுகிறான். பழைய நாடக மேடையில் தகரத்தைத் தட்டி இடி முழக்கம் காட்டுவார்கள். மழை வருமா? வராது. சபை மட்டும் நடுங்கும்.

மீதிச் சரக்குகளைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. சில டப்பாக்களில் ஏழெட்டுப் பெயரை வரிசையாக அடுக்கி, எது எவ்வளவு என்று சொல்லாமல் எல்லாம் சேர்ந்து இத்தனை கிராம் என்று முடித்துவிடுகிறார்கள். எங்கள் கம்பெனியின் சொந்தக் கலவை, ரகசியம் என்று விளக்கம். மளிகைக் கடைக்காரர் பருப்பும் மிளகாயும் புளியும் சேர்ந்து ஐந்து கிலோ என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் நம் வீட்டுப் பெண்கள் சும்மா விடுவார்களா?

சீட்டில் இருப்பதுதான் டப்பாவில் இருக்கிறது என்பதற்காவது உத்தரவாதம் உண்டா? இந்தியாவில் விற்கும் 36 வகைப் புரோட்டீன் தூள்களைச் சோதித்து, 2024-ல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதில் சீட்டில் சொன்ன புரோட்டீன் கணக்கும் உள்ளே இருந்ததும் ஒத்துப் போகவில்லை. சிலவற்றில் பூஞ்சைக் காளான் நஞ்சும் இருந்தது. அது வேறு தூள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே கையால் விற்கப்படுகிற சரக்குகள்.

இனி, எதிர்க்கட்சியின் வாதத்துக்கு வருகிறேன். இருப்பதில் பலமான வாதத்தையே எடுத்துக்கொள்வோம். எனக்கு ஒரு டாக்டர் சிநேகிதர் இருக்கிறார், வயதில் இளையவர், தாமே மாரத்தான் ஓடுகிறவர். அவர் சொன்னார்: "சார், உணர்ச்சி வசப்பட்டு எழுதிவிடாதீர்கள். கேஃபீன் ஓட்டத்துக்கு உதவும் என்பது ஆராய்ச்சியில் நிலைநாட்டப்பட்ட விஷயம். உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வீதம், ஒரு மணி நேரம் முன்னால் சாப்பிட்டால் 2 முதல் 4 சதவீதம்வரை முன்னேற்றம் தெரியும். சர்வதேச ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலிருந்தே அதை 2004-ல் எடுத்துவிட்டார்கள்."

உண்மை. ஒப்புக்கொள்கிறேன். கேஃபீன் பொய்ச்சரக்கு என்று நான் சொல்லவில்லை. அது வேலை செய்கிறது. எப்படி வேலை செய்கிறது என்பதுதான் என் வழக்கு.

உழைக்க உழைக்க மூளையில் அடினோசின் என்று ஒரு பொருள் சேருகிறது. அது தனக்கென்று உள்ள இடத்தில் போய் உட்கார்ந்து, "போதும், ஓய்வெடு" என்று சொல்லும். கேஃபீன் முந்திக்கொண்டு போய் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அடினோசின் வாசலிலேயே நிற்கிறது. அலுப்பு தீரவில்லை, அலுப்பின் குரல் கேட்கவில்லை, அவ்வளவுதான். உள்ளே போன கேஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. மிச்சம் இருப்பது ராத்திரித் தூக்கத்தில் கை வைக்கிறது. படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது என்று 2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி சொல்கிறது.

எங்கள் ஊர் விசைத்தறித் தொழிலாளிக்கு இதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: முன்பணம். பிள்ளை கல்யாணமோ, ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறான். வாங்குகிற அன்றைக்குக் கை நிறைந்திருக்கும். மறுவாரத்திலிருந்து கூலியில் பிடித்தம். கடன் தீரும்வரை வேறு தறிக்குப் போக முடியாது. தீருவதற்குள் அடுத்த செலவு வரும், அடுத்த முன்பணம். இந்தத் தூள் மூச்சுக்கு வாங்குகிற முன்பணம். நாளைய தூக்கத்திலிருந்து எடுத்து இன்றைய ஓட்டத்துக்குக் கொடுக்கிறது. ஒரு கரண்டி பழகிப்போனால் இரண்டு கரண்டி. ஒரு நாள் ஓட்டத்துக்கு இது உதவலாம். பயிற்சி என்பது ஒரு நாள் சமாசாரமா? உடம்பு பலப்படுவது ஓடும்போது அல்ல. ஓடிவிட்டுத் தின்று தூங்கும்போது. அந்தத் தூக்கத்தையே அடகு வைத்துவிட்டு எதைக் கொண்டு மூச்சை வளர்ப்பது?

டாக்டர் சொன்ன கணக்கையே போட்டுப் பாருங்கள். ஏழு நிமிஷம் என்பது 420 விநாடி. அதில் 2 முதல் 4 சதவீதம் என்றால் எட்டு முதல் பதினேழு விநாடி. புதிதாக ஓட ஆரம்பித்த பையன் ஒழுங்காக இரண்டு மாதம் ஓடினால், தூள் இல்லாமலே அதைவிட அதிகம் குறைக்க முடியும். அப்படிக் குறைந்தது அவனுடையது. நாளைக்கு டப்பா தீர்ந்தால் போய்விடாது.

அலுப்பின் வாயைப் பொத்திவிட்டு ஓடுகிற வித்தை புதியதும் அல்ல. 1904-ல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடிய தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு, வழியில் அவருடைய ஆட்கள் ஸ்ட்ரிக்னினும் முட்டை வெண்கருவும் பிராந்தியும் கொடுத்தார்கள். ஸ்ட்ரிக்னின் வேறொன்றுமில்லை, எட்டிக் கொட்டையிலிருந்து எடுக்கிற விஷம். ஹிக்ஸ் ஜெயித்தார். ஜெயித்தவரைக் கைத்தாங்கலாகத்தான் கோட்டைத் தாண்ட வைக்க முடிந்தது. 1967-ல் பிரான்ஸ் தேசத்துச் சைக்கிள் பந்தயத்தில், ஜூலை மாத வெயிலில், மோன்ட் வான்டூ மலை ஏறும்போது டாம் சிம்ஸன் என்ற ஆங்கிலேய வீரர் விழுந்து இறந்தார். அவர் உடம்பிலும் சட்டைப் பையிலும் ஆம்ஃபெட்டமின் இருந்தது. நில் என்று உடம்பு சொல்லியிருக்கும். அதைக் கேட்க முடியாதபடி காது அடைக்கப்பட்டிருந்தது.

அதெல்லாம் அந்தக் காலம் என்பீர்கள். 2012 ஏப்ரலில் லண்டன் மாரத்தானில், முடிவுக் கோட்டுக்குச் சுமார் ஒரு மைல் இருக்கும்போது முப்பது வயதுப் பெண் ஒருவர் சுருண்டு விழுந்து இறந்தார். பந்தய வீராங்கனை அல்ல. தர்ம காரியத்துக்கு நிதி திரட்ட ஓடியவர். தண்ணீர்ப் புட்டியில் கலந்திருந்தது இப்படிப்பட்ட ஒரு பயிற்சித் தூள். அதில் டி.எம்.ஏ.ஏ. என்ற பொருள் இருந்தது. ஒரு காலத்தில் மூக்கடைப்புக்கு மருந்தாக வந்து, பிறகு ஊக்கத் தூளாக மறு அவதாரம் எடுத்த சரக்கு அது. கடும் உழைப்பும் இந்தப் பொருளின் நஞ்சும் சேர்ந்து இதயத்தை நிறுத்திவிட்டன என்பதே மரண விசாரணையின் முடிவு. அவர் அதைப் பகிரங்கமாகவே வாங்கியிருந்தார். இதே பொருள்தான் மெதில்ஹெக்ஸேனமைன் என்ற பெயரில் 2010-ல் நம் நாட்டு மல்யுத்த வீரர்கள் உட்படப் பலருடைய சோதனையில் அகப்பட்டு, டில்லி காமன்வெல்த் போட்டிக்கு முன்னால் நம் மானத்தை வாங்கியது.

இதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. தூளில் ஆரம்பிக்கிறவர்களில் சிலர் ஊசிக்குப் போகிறார்கள். மெஃபென்டெர்மின் என்று ஒரு மருந்து. முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடும்போது ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால், ஆபரேஷன் மேஜையில் அதைத் தூக்கி நிறுத்துவதற்காக உள்ளது. அதைத் திருட்டுத்தனமாக வாங்கி, உடற்பயிற்சிக்கு முன்னால் கையில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் நம் நாட்டில் பரவி, விற்றவர்களைப் போலீசார் பிடிக்கும்படி ஆயிற்று. போலீஸ் உத்தியோகத்துக்கு ஆசைப்பட்டு ஓடுகிற பிள்ளை போலீஸ் பிடிக்கிற சரக்கின் வாசலில் போய் நிற்கலாமா?

இப்போது இந்த வழக்கின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் யோக்கியன் அல்ல.

2024 ஆகஸ்டு கடைசியில் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வு நடந்தது. ஆண்கள் 60 நிமிஷத்தில் 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். பத்துக்கும் மேற்பட்ட வாலிபர்கள் ஓட்டத்தால் இறந்துபோனார்கள். சிலர் ஊக்கப்பொருள் சாப்பிட்டிருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகம் தெரிவித்தார்கள். வெயிலையும், வெகுநேரம் காத்திருக்க வைத்ததையும், ஏற்பாட்டுக் குறைகளையும் மற்றவர்கள் சொன்னார்கள். சில நாள் தேர்வை நிறுத்திவைத்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள்.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தூள்மேல் வந்த கோபத்தைவிட வேறிடத்தில் அதிகம் கோபம் வந்தது. "பையன்கள் எதையோ சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்" என்று சொல்லிக் கையைக் கழுவுவது எத்தனை சுலபம்! ஏன் சாப்பிட்டார்கள்? சில நூறு உத்தியோகத்துக்கு லட்சக்கணக்கில் பிள்ளைகளை வரவழைத்து, ஒரு வாழ்க்கையின் முழு நம்பிக்கையையும் ஒரே ஒரு காலை நேர ஓட்டத்தில் கொண்டுவந்து வைத்தால், அந்த ஓட்டத்துக்கு முன்னால் எதைக் கொடுத்தாலும் குடிக்கத்தான் குடிப்பான். வியாபாரி இந்தப் பயத்தை உண்டாக்கவில்லை. உண்டாகி வயல் முழுக்க விளைந்து கிடப்பதை அறுவடை செய்கிறான். ஆகவே அந்தக் கரண்டியைப் பிடிக்கிற கை பையனுடையது மட்டும் அல்ல. உத்தியோகம் இல்லாத பிள்ளையை வீட்டில் தண்டச் சோறு என்று பேசுகிற நம் எல்லோருடைய கையும் அதில் இருக்கிறது.

என் மருமகன் கேட்டான்: "எல்லாம் சரி மாமா. ரெண்டு விநாடியில வேலை போச்சுன்னா? கூட ஓடுதவன் குடிச்சிட்டு ஓடி ஜெயிச்சிட்டான்னா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றும் முழுப் பதில் தெரியாது. "ரெண்டு விநாடியில் போனால் அடுத்த வருஷம் ஓடலாம், ஆனால் மைதானத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவன் இந்த வருஷமும் ஜெயிக்க முடியாதே" என்று மட்டும் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒப்புக்கொண்டானா, மரியாதைக்குச் சும்மா இருந்தானா என்று எனக்குத் தெரியாது.

உத்தியோகத்துக்கு ஓடுகிற பையனுக்காவது இப்படி ஒரு நியாயம் உண்டு. இதைப் படிக்கிற உங்களுக்கும் எனக்கும் என்ன நியாயம்? நாற்பதைத் தாண்டி, தொப்பை தட்டி, டாக்டர் சொன்னதற்காக நடக்கத் தொடங்கியவர்கள் நாம். முக்கால் மணி நடைக்கு முன்னால் ஒரு கரண்டித் தூள் எதற்கு? என் தெருவில் பாங்கு உத்தியோகஸ்தர் ஒருவர், ரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒரு மாத்திரையும், நடைக்கு முன்னால் நெஞ்சைத் துரத்துகிற இந்தத் தூளும் சாப்பிடுகிறார். ஒரே வண்டிக்கு முன்னால் ஒரு மாடு, பின்னால் ஒரு மாடு! ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளும் இந்தப் பக்கமே போகக் கூடாது என்று பல டப்பாக்களிலேயே எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது. அதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். மின்னலைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாம்.

"நீர் மட்டும் காப்பி குடிக்காமல் எழுதுவீரோ?" என்று கேட்கிறீர்கள். குடிக்கிறேன். இதை எழுதும்போதும் குடித்தேன். ஆனால் என் டம்ளரில் இருப்பது காப்பி என்று எனக்குத் தெரியும். இரண்டாவது டம்ளருக்கு மேல் கேட்டால் வீட்டில் ஒரு பார்வை பார்ப்பார்கள். சூட்டோடு, ஆற்றி, ஒவ்வொரு வாயாகக் குடிக்கிறபோது உடம்பே போதும் என்று சொல்லிவிடும். ஒரே மூச்சில் மூன்று டம்ளர் காப்பியை முகம் தெரியாத ஏழெட்டுக் கூட்டாளிகளோடு சேர்த்துக் கவிழ்த்துக்கொள்வது வேறு காரியம். ஓடுவதற்கு ஒரு மணி முன்னால் ஒரு டம்ளர் காப்பி குடிக்கிறவரோடு எனக்குச் சண்டை இல்லை.

எங்கள் கோமதி அம்மன் சந்நிதியில் புற்றுமண் பிரசாதம் கொடுப்பார்கள். நெற்றியில் இடுவார்கள், நோய் தீரும் என்று சிலர் வாயிலும் போட்டுக்கொள்வார்கள். என் மருமகனும் அவன் கூட்டாளிகளும் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "மண்ணுல என்ன விட்டமின் இருக்கு மாமா?" என்பார்கள். சிரிக்கட்டும், மண்ணைத் தின்னச் சொல்லி நானும் சிபாரிசு செய்ய வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை மின்னல் போட்ட டப்பாவிடமும் கேட்க வேண்டாமா? கிழவி நம்பினால் மூடநம்பிக்கை, இங்கிலீஷில் சீட்டு ஒட்டினால் விஞ்ஞானம் என்பது எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுத்த பாடம்?

அதே கோவிலில் இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். ஆடித் தபசுத் திருவிழாவில் கொடியேறிவிட்டால் ஆடிச் சுற்று ஆரம்பமாகிவிடும். ஒற்றைக் காலில் தவம் நிற்கிற அம்மனுக்காக, நூற்றெட்டு என்றும் அதற்கு மேலும் கணக்கு வைத்துக்கொண்டு கோவிலைச் சுற்றுவார்கள். அறுபது வயதுப் பெண்பிள்ளைகள், செருப்பில்லாத காலோடு, வெயிலில். யாரும் முதல் நாளே நூறு சுற்றுவதில்லை. இன்றைக்கு இவ்வளவு, நாளைக்கு இவ்வளவு என்று பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். அலுத்தால் மண்டபத்தில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சம்பழச் சாதத்தைத் தின்று, தண்ணீர் குடித்துவிட்டு எழுந்திருக்கிறார்கள். பக்தியை விட்டுவிடுங்கள். தேகாப்பியாச சாஸ்திரம் முழுவதும் அதில் இருக்கிறதே! கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. அலுப்பு சொன்னால் கேள். தின்று, தூங்கி, மறுநாள் வா.

பழையது எல்லாம் அமிர்தம் என்று சொல்லும் கட்சி அல்ல நான். வயிற்றில் கொஞ்சம் மாவுச்சத்து இருந்தால் நீண்ட ஓட்டத்துக்கு நல்லது என்பதை இன்றைய விஞ்ஞானமும் சொல்கிறது. அதற்கு ஒரு வாழைப்பழம் போதும். பக்கத்துக் கோவில்பட்டியில் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாய் இருக்கிறது. ஓட்டத்துக்கு வெகு முன்னால் ஒரு துண்டு தின்னலாம். வெயிலில் வெகுநேரம் ஓடினால் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் வேண்டும். ஏழு நிமிஷ ஓட்டத்துக்கு இவையும் அவசியமில்லை. பெயர் தெரிந்த பண்டம், அளவு தெரிந்த பண்டம், தாயாருக்குச் சொல்லிப் புரியவைக்கக்கூடிய பண்டம். இந்த மூன்று பரீட்சையிலும் தேறாத எதையும் ஓடுவதற்கு முன்னால் வாயில் போடாதே என்பதுதான் என் கட்சி.

அக்காளிடம் சீட்டைப் படித்துச் சொன்னேன். கேஃபீன், பீட்டா-அலனின் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்: "தம்பி, இது தீந்தா மறுபடி வாங்கணுமா?"

"வாங்கணும்க்கா."

"அப்ப இது மருந்தில்ல, கடன்" என்றாள்.

நான் ஒரு மாதம் படித்து எழுதியதை அவள் தறிக் கொட்டகையில் நின்றே தெரிந்துகொண்டிருக்கிறாள்.

டப்பாவில் பாதிக்குமேல் இன்னும் இருக்கிறது. கொட்டவும் மனசில்லாமல், கொடுக்கவும் மனசில்லாமல் அக்காள் அதைப் பரணில் ஏற்றிவிட்டாள். பையன் இப்போது ஒன்பதரை மணிக்குப் படுத்துவிடுகிறான். வாரத்தில் மூன்று நாள் நிதானமாக நீள ஓட்டம், இரண்டு நாள் விரைவோட்டம் என்று மைதானத்தில் ஒரு பெரியவர் வகுத்துக் கொடுத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நானும் போய்க் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 6 நிமிஷம் 33 விநாடி. தேர்வு நாள் இன்னும் வரவில்லை. வந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஓடி முடித்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, வாய் திறந்து மூச்சு வாங்கினான். இரண்டு நிமிஷத்தில் நெஞ்சு அடங்கிவிட்டது.